பின்னங்கால் லாடம்

ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆறடிக்கு ஒரு விரற்கடைதான் குறைவு. பக்கவாட்டில் திரும்பித்தான் சில கதவுகளுக்குள் நுழைய வேண்டும். முன்கை ஒவ்வொன்றும் பத்து வயதுப் பிள்ளையின் தொடை கனம். குதிரையேற்றப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பயில்வான் என்று பேர் வைத்துவிட்டார்கள். அதுவே நிலைத்துப்போய், வீட்டுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர்கூட வாசலில் நின்று "பயில்வான் சார்!" என்றுதான் குரல் கொடுப்பார்.

அப்பேர்ப்பட்ட பயில்வானுக்குக் குதிரை என்றால் பயம்.

கொஞ்சம் ஒதுங்கி நடக்கிற சாதாரணப் பயம் இல்லை. குடலைப் பிசைகிற பயம். காலையில் பேருந்தில் உட்கார்ந்ததுமே உள்ளங்கை ஈரமாகிவிடும். மூன்றாவது நிறுத்தம் தாண்டும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். லாயத்து வாசலில் சாணமும் வைக்கோலும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் அடிவயிற்றில் ஏதோ ஒரு திருகாணி கழன்று விழுந்த மாதிரி இருக்கும். நேராகக் கழிவறைக்குப் போவார். வேலை தொடங்குவதற்குள் இரண்டு தடவை. பின்னங்கால் வேலை இருக்கிற நாளில் மூன்று தடவை. "பயில்வான் வீட்டுல தினமும் விருந்து போல" என்று காவலாளி கிண்டல் செய்வார். பயில்வானும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். சிரிக்காவிட்டால் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

அவருடைய வேலையோ குதிரைகளுக்கு லாடம் கட்டுவது. பதினான்கு குதிரை, ஐம்பத்தாறு கால், ஆறு வாரத்துக்கு ஒரு முறை. பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, புது லாடத்தை உலையில் காய்ச்சி, அந்தந்தக் காலின் வளைவுக்குத் தட்டிச் சரிசெய்து, ஏழு ஆணி அடித்து இறுக்க வேண்டும். ஆணி அடியிலிருந்து ஏறி, குளம்பின் பக்கவாட்டில் முனையை நீட்டும். அந்த முனையை நறுக்கி, மிச்சத்தை மடக்கிவிட்டால் லாடம் அசையாது. குளம்பின் ஓரம் நம் நகம் மாதிரி, வலிக்காது. ஆனால் ஆணி ஒரு நெல்லளவு உள்ளே தள்ளி ஏறினால் உயிர்ச்சதை. குதிரை நொண்டிவிடும். இதையெல்லாம் முன்னங்காலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டும், பின்னங்காலை மடியில் தாங்கிக்கொண்டும், நானூறு, ஐந்நூறு கிலோ உயிர் ஒன்று தலைக்கு மேலே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போது குனிந்தபடி செய்தாக வேண்டும்.

ஆரம்பத்தில் அவருக்குப் பயம் இருந்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்தது.

அது ஒரு சாம்பல் நிறக் குதிரை. கெட்ட குதிரை என்று சொல்ல முடியாது. அன்று காலைதான் அதன் நான்கு கால்களுக்கும் புது லாடம் கட்டி முடித்திருந்தார். மத்தியானம் தண்ணீர் வாளியோடு அதன் பின்னால் போனபோது, தகரக் கூரை மேல் ஒரு மரக்கிளை முறிந்து படாரென்று விழுந்தது. குதிரை மிரண்டது. உதை விழுந்தது அவருக்கு நினைவில்லை. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே மல்லாந்து கிடந்ததுதான் நினைவு. மூச்சு வெளியே போய்விட்டது, உள்ளே வரவில்லை. வாயைத் திறந்து திறந்து பார்த்தார். கூரைத் தகரத்தின் வரிகளை எண்ணிக்கொண்டே, சரி, இவ்வளவுதான் போல என்று நினைத்தார்.

மூன்று விலா எலும்பும் ஒரு காறை எலும்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து எடுத்தபோது நெஞ்சில் நீலமும் கறுப்புமாக ஒரு முழு லாடம் பதிந்திருந்தது. ஏழு ஆணித்தலையையும் எண்ணிப் பார்க்கலாம். டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, "அச்சு கச்சிதமா விழுந்திருக்கே. யார் கட்டின லாடம் இது?" என்றார்.

"நான்தான் டாக்டர்" என்றார் பயில்வான்.

பார்க்க வந்தவர்களெல்லாம் அந்த அச்சைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். லாடம் அதிர்ஷ்டமாயிற்றே! ஊரெல்லாம் வாசலில் மாட்டிக்கொள்கிறது, உனக்கு உடம்பிலேயே விழுந்திருக்கிறது, இனி ஓகோவென்று வாழப் போகிறாய் என்று சொன்னார்கள். கட்டில் ஓரம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமாமா. அதிர்ஷ்டம் நெஞ்சு மேலயே ஏறி மிதிச்சிருக்கு. இன்னொரு தடவை வந்தா ஆளே இருக்க மாட்டாரு" என்றாள்.

எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. பயம் கூடவில்லை, குறையவுமில்லை, அப்படியே உட்கார்ந்துகொண்டது. வேறு வேலைக்குப் போய்ப் பார்த்தார். மனைவியின் தம்பி இரும்புக் கதவு செய்யும் பட்டறை வைத்திருந்தான். அங்கே பத்து நாள் வெல்டிங் பிடித்தார். உள்ளங்கை காய்ந்தே இருந்தது, நன்றாகத் தூங்கினார். பதினோராம் நாள் குதிரையேற்றப் பள்ளிப் பக்கம் ஏதோ வேலையாகப் போனவர் வேலி ஓரம் நின்று பார்த்தார். இவருக்குப் பதிலாக வந்த ஆள் லாடம் கட்டிய கிழட்டுக் குதிரை ஒன்று, முன்னங்காலைத் தரையில் ஊன்றப் பயந்து, தலையை ஆட்டி ஆட்டி நொண்டிக்கொண்டு போனது. ஆணி உள்ளே தள்ளி ஏறியிருக்கிறது என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. மறுநாள் காலை பழைய பேருந்தில் ஏறினார். உள்ளங்கை ஈரமானது.

அதற்கப்புறம் ஆறு வருடம் பயத்தை மறைப்பதே ஒரு தனி வேலையாகிப்போனது. முன்னங்கால்களை முதலில் முடித்துவிடுவார். பின்னங்கால் வரும்போது, குதிரைக்கார அக்கா பிடித்தால்தான் ஆயிற்று என்பார். அந்த அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லி என்றால் அப்படியொரு ஒல்லி, காற்றடித்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது குதிரையா அக்காவா என்று தெரியாது. ஆனால் தலைக்கயிற்றை அவள் பிடித்தால் குதிரை அசையாது. அதிகம் பேச மாட்டாள். பயில்வானைத் தம்பி என்பாள்.

இன்னொரு வழியும் கண்டுபிடித்திருந்தார். குனிந்து காலைத் தூக்கும்போது பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க வாயை மூடிக்கொண்டு ஏதோ ஒரு மெட்டை முனகத் தொடங்குவார். என்ன பாட்டு என்று அவருக்கே தெரியாது. நாலு சுரம் ஏறும், நாலு சுரம் இறங்கும், திரும்ப அதேதான். "வேலைன்னா இப்படிப் பாடிக்கிட்டே செய்யணும்யா" என்று பார்க்கிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் பயம் போக வேண்டியவர்களெல்லாம் அவரிடம்தான் வந்தார்கள். தேய்ந்த லாடங்களை லாயத்து வாசலில் ஒரு பீப்பாயில் போட்டு வைப்பார். புதுக் கடை திறப்பவர், லாரி வாங்கியவர், பரீட்சைக்குப் போகிற பெண், குழந்தைக்குத் தூக்கத்தில் தூக்கிவாரிப்போடுகிறது என்று ஒரு தாய், எல்லோரும் வந்து பீப்பாயைக் கிளறுவார்கள். கறுப்புக் குதிரையின் லாடம்தான் வேண்டும் என்பார்கள். லாயத்தில் இருந்ததோ ஒரே ஒரு கறுப்புக் குதிரை. ஊருக்குள் மாட்டியிருக்கிற கறுப்புக் குதிரை லாடத்தையெல்லாம் கூட்டினால் அதற்கு மரவட்டைக்கு இருக்கிற அளவு கால் இருந்தாக வேண்டும்.

வளைவை மேலே வைத்து மாட்டுவதா, கீழே வைப்பதா என்று வந்தவர்களுக்குள் சண்டையே நடக்கும். வாய் மேலே இருந்தால்தான் உள்ளே இருக்கிற அதிர்ஷ்டம் சிந்தாது என்பது ஒரு கட்சி. கீழே இருந்தால்தான் நுழைகிறவர் தலையில் கொட்டும் என்பது எதிர்க்கட்சி. பயில்வானைக் கேட்டால், "எப்படி வேணா மாட்டுங்க. ஆணியை மட்டும் கெட்டியா அடிங்க. தலையில விழுந்துச்சுன்னா அரைக்கிலோ இரும்பு அது" என்பார்.

அவர் வீட்டு வாசலில் லாடம் கிடையாது. உள்ளேதான் இருந்தது. திரைச்சீலை தைக்கிற மனைவி, துணியை வெட்டும்போது காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலைக்கும் நாலு லாடம் வைப்பாள். மச்சினன் இரண்டை ஒட்டவைத்துச் செருப்பு மண் வழிக்க ஒரு பலகை செய்து கொடுத்திருந்தான். குளியலறைக் கொக்கியும் லாடம்தான். "வீட்டுக்கு வந்தா அதுக்கும் ஒரு வேலை கொடுத்துடணும்" என்பாள்.

ஒரு காலை. பத்தரை மணி இருக்கும். பயில்வான் உலையில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். காவலாளி வாசலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பயில்வான்! பொட்டு ரோட்டுல மாட்டிக்கிச்சு! கால் சாக்கடைக் கம்பியில மாட்டிக்கிச்சு! அக்கா உங்களைக் கூப்பிடுறாங்க!"

பொட்டு என்பது நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த பழுப்புப் பெட்டைக்குதிரை. பள்ளிக்கும் பயிற்சி மைதானத்துக்கும் நடுவே பெரிய சாலை. தினமும் அக்கா அதைக் கையில் பிடித்துச் சாலையைக் கடப்பாள்.

"எந்தக் கால்?" என்றார் பயில்வான்.

"பின்னங்கால்."

அவர் ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும். தோல் ஏப்ரனை எடுத்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அரத்தைக் காணோம் என்று பெட்டியைக் குடைந்தார். அரம் இடது கையில் இருந்தது. இந்த நிமிடத்தில் எனக்கு மயக்கம் வந்து விழுந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று மனப்பூர்வமாக ஆசைப்பட்டார். மயக்கம் வரவில்லை. கால் தானாக நடந்தது.

சாலை ஓரம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கூட்டம். சாக்கடை மூடியில் ஒரு கம்பி உடைந்திருந்தது. பொட்டுவின் வலது பின்னங்கால் அந்த இடைவெளியில் இறங்கி, லாடத்தின் ஒரு முனை அடுத்த கம்பிக்குக் கீழே போய்த் திருகிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறது. கணுக்காலைச் சுற்றி ரத்தம். உடம்பு முழுக்க வியர்வை நுரைத்து, கண்ணின் வெள்ளை தெரிய நின்றது. தோல் அலையலையாக நடுங்கியது. அக்கா தலைக்கயிற்றில் தொங்காத குறையாக நின்றாள். பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்தன.

ஒரு டிராபிக் போலீஸ்காரர் வண்டிகளை மறித்துக்கொண்டே கத்தினார். "யாருய்யா நீங்க? கிட்ட போகாதீங்க!"

"லாடம் கட்டுறவன் சார்."

போலீஸ்காரர் ஒரு நொடி குழம்பினார். "எந்த ஸ்டேஷன்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பயில்வான் சிரிக்கவில்லை. "குதிரைக்கு சார்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

வெல்டிங் கடையிலிருந்து கேஸ் கட்டர் கொண்டுவந்து கம்பியை அறுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நெருப்புப் பொறி பறந்தால் குதிரை காலைப் பிய்த்துக்கொண்டே ஓடும். மாட்டு டாக்டருக்குப் போன் போயிருந்தது. மயக்க ஊசியோடு வர ஒரு மணி நேரம் ஆகுமாம். இன்னொரு தடவை அது பலமாக இழுத்தால் எலும்பு முறியும். கால் முறிந்த குதிரைக்குப் போடுகிற ஊசி வேறு.

வழி ஒன்றுதான் இருந்தது. லாடம் கம்பியில் மாட்டியிருக்கட்டும், காலை லாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மடக்கிய ஆணி முனைகளை அரத்தால் தேய்த்து எடுத்தால், குளம்பு ஆணிகளிலிருந்து வழுக்கி மேலே வந்துவிடும். வெளிப்பக்கம் நாலு. உட்பக்கம் மூன்று. இது பயில்வானுக்குக் காலைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. தெரியாமலிருந்தால் தேவலை என்றிருந்தது.

மண்டியிட்டார். குதிரையின் பின்னால், தரையோடு தரையாக. அவருடைய நெற்றிக்கும் அந்தக் கணுக்காலுக்கும் ஒரு முழம் தூரம். நெஞ்சில் பழைய இடம் ஏழு புள்ளியாக வலிக்கத் தொடங்கியது. சுத்தியல் அடித்தால் மிரளும், அதனால் வெறும் அரம்தான். முதல் ஆணியில் வைத்தார். அரம் தானாகவே கரகரவென்று ஆடியது. இரண்டாவது கையால் முதல் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று. தேய்ந்து, முனை பொடியாக உதிர்ந்தது. இரண்டு. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க முடியாது. மூன்று. யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டு, "பயில்வானைப் பாருய்யா, கொஞ்சங்கூட அலட்டிக்கல" என்றார்கள். நான்கு.

உட்பக்கத்துக்கு இரண்டு கால்களுக்கும் நடுவே தலையைக் கொண்டுபோக வேண்டும். அவர் நின்றுவிட்டார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். உடம்பு சொன்னதைக் கேட்கவில்லை. பொட்டு மூக்கால் சீறி, பாரத்தை மாற்றி, கம்பியை நறநறவென்று இழுத்தது.

முன்பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, பாடு."

"என்னக்கா?"

"அந்தப் பாட்டைப் பாடு. அதுக்கு அது பழக்கம்."

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஆறு வருடமாக யாரிடமும், மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாதது, சாக்கடை மூடி மேல் மண்டியிட்ட நிலையில் தன்னாலே வெளியே வந்துவிட்டது.

"அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. கை வரல. ரொம்பப் பயமா இருக்கு."

"தெரியும்" என்றாள் அக்கா. "நான் பிடிச்சிருக்கேன். பாடு."

தெரியும் என்று அவள் சொன்ன விதத்தில் ஆச்சரியமோ இரக்கமோ எதுவும் இல்லை. வெயில் அடிக்கிறது என்றால் ஆமாம் என்பார்களே, அந்த மாதிரி. பயில்வான் அரத்தை இறுக்கிப் பிடித்தார். மூக்கால் முனகினார். முதல் சுரம் உடைந்தது. இரண்டாவது நின்றது. பொட்டுவின் காது ஒன்று பின்பக்கம் திரும்பியது. தோலின் நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் காலில் இருந்த விறைப்பு ஒரு மயிரிழை தளர்ந்ததை அவர் விரல் உணர்ந்தது.

தலையை உள்ளே கொண்டுபோனார்.

ஐந்து. ஆறு. முனகல் ஏறியது, இறங்கியது. ஏழாவது ஆணி குதிகால் பக்கம், அரம் போகாத மூலையில் இருந்தது. குறட்டால் நறுக்க வேண்டும். குறட்டின் வாயை ஆணியில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற பேருந்து பிரேக்கைத் தளர்த்தி 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டது.

பொட்டு துள்ளியது. குளம்பின் ஓரம் ஒரு துண்டு பெயர்ந்து, ஏழாவது ஆணியும் பிய்ந்து, கால் விடுபட்டுக் காற்றில் வீசியது. பயில்வானின் காதோரம் ஒரு காற்று போனது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கருவிப் பெட்டி நாலு அடி தள்ளிப் போய் விழுந்து ஆணிகளெல்லாம் சாலையில் இறைந்தன. அவர் குப்புறக் கிடந்தார். கன்னத்தில் தார் சுட்டது. மூச்சு வெளியே போனது. காத்திருந்தார். உள்ளேயும் வந்தது.

"தம்பி! அடி பட்டுச்சா?"

"இல்லக்கா."

பொட்டு மூன்று காலில் பாரம் போட்டு, நாலாவதைத் தரையில் தொட்டும் தொடாமலும் வைத்தது. எலும்பு முறியவில்லை. கூட்டம் கைதட்டியது. பயில்வான் எழுந்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். அப்போதுதான் தெரிந்தது, கால்சட்டை நனைந்திருந்தது. வியர்வை இல்லை. ஏப்ரன் ஒரு பக்கமாக நழுவியிருந்தது. யார் பார்த்தாலும் தெரியும். முப்பது நாற்பது பேர் அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்கள், கைகொடுக்க. ஏப்ரனை இழுத்துப் பார்த்தார், எட்டவில்லை.

டீக்கடைக்காரர் குதிரையின் காயத்தைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அக்கா வாங்கி, பாதியைப் பொட்டுவின் கணுக்காலில் ஊற்றினாள். திரும்பினாள். மீதியை இடுப்போடு அவர் மேல் சாய்த்துவிட்டாள்.

"வழியிலயா உக்காருவாங்க? கை தவறிடுச்சு பாரு!" என்று அவரையே அதட்டினாள். "எந்திரி, எந்திரி. போய்த் துணி மாத்து."

கூட்டம் சிரித்தது. பயில்வான் இடுப்பிலிருந்து பாதம்வரை சொட்டச் சொட்ட எழுந்தார். அக்கா முகத்தைப் பார்த்தார். அவள் குதிரைக் காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள், அவரைப் பார்க்கவில்லை.

அதற்குள் சாக்கடை மூடியைச் சுற்றித் தள்ளுமுள்ளு. கம்பியில் மாட்டிய லாடத்தை மூன்று பேர் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். உயிரைக் காப்பாற்றிய லாடமாம். நியாயமாகப் பார்த்தால் உயிரை வாங்கப் பார்த்ததே அதுதான். கடைசியில் போலீஸ்காரர் லத்தியால் நெம்பி எடுத்து, "போக்குவரத்துக்கு இடைஞ்சல். பறிமுதல்" என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

லாயத்தில் துணி மாற்றிக்கொண்டு வந்தபோது, அக்கா பொட்டுவின் காலைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். பயில்வான் பக்கத்தில் குந்தினார்.

"எப்ப தெரியும்க்கா?"

"நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்தியே, அன்னிக்கே."

"எப்படி?"

"பாட்டு தெரிஞ்சவன் நாள் பூரா ஒரே அடியையே பாடிக்கிட்டிருப்பானா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அந்தப் பெரிய தோள்கள் குலுங்குவதைப் பார்க்காதவள் போல அக்கா தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். பிறகு, "கம்பிக் கூண்டு ஒண்ணு கேக்கலாம்ல? குதிரையை உள்ள நிறுத்திட்டுக் காலை மட்டும் வெளிய எடுத்து வேலை செய்யறது. பெரிய லாயங்கள்ல வெச்சிருக்காங்க" என்றாள்.

"கேட்டா தெரிஞ்சிடுமேக்கா."

"தெரிஞ்சா?"

ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த இடத்துக்கு அப்பால் யோசித்ததில்லை.

அன்று மாலை வீட்டில், துணி வெட்டும் பலகைக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வாளித் தண்ணீர் வரைக்கும் சொன்னார். மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குக் காலையில பஸ் ஏறுற வரைக்கும்தான் நிம்மதி. எனக்கு சாயங்காலம் அந்த பஸ் திரும்பி வந்து நிக்குற சத்தம் கேட்டாத்தான் நிம்மதி. நான் கேட்டா நீங்க கொறஞ்சு போயிடுவீங்களோன்னு கேக்கல" என்றாள். பிறகு, "நாளைக்கே போய்ச் சொல்லுங்க. வேலை போச்சுன்னா போகட்டும், தம்பி பட்டறை இருக்கு" என்றாள்.

மறுநாள் பள்ளியை நடத்துகிற அம்மாளின் அறைக்கு முன்னால் அவர் நின்ற நேரம், எந்தக் குதிரைக்குப் பின்னால் நின்ற நேரத்துக்கும் குறைந்தது இல்லை. உள்ளே போய், எனக்குக் குதிரையின் பின்னங்கால் என்றால் பயம், கூண்டு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். "கூண்டு போடணும்னு உங்களுக்கு அடிபட்ட அன்னிக்கே நினைச்சேன். உங்ககிட்ட வந்து சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

"என்கிட்டயா?"

"பின்ன? இவ்வளவு பெரிய ஆளு. 'என்னைப் பார்த்தா உனக்குப் பயந்தாங்கொள்ளி மாதிரி தெரியுதா'ன்னு கேட்டு சுத்தியலைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டீங்கன்னா?"

மச்சினன்தான் கூண்டைச் செய்தான். தடித்த குழாய், மூலையெல்லாம் மழுக்கி, உட்பக்கம் ரப்பர் ஒட்டி, பின்னங்காலைத் தாங்க ஒரு கட்டையும் வைத்து, பத்தே நாளில் லாயத்தின் நிழலில் நட்டுவிட்டான். முதல் நாள் எல்லாக் குதிரைகளும் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

பொட்டுவின் குளம்பு வளர ஒன்பது வாரம் ஆனது. அதுவரை லாடம் இல்லாமல் மண் தரையில் மட்டும் நடந்தது. குதிரையும் மாறிப்போயிருந்தது. அரம் எடுக்கிற சத்தம் கேட்டாலே தோல் நடுங்கும். பயில்வான் ஒரு வாரம் முழுக்க அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் சும்மா நின்றார். அடுத்த வாரம் அரத்தால் அதன் கழுத்தைத் தடவினார். அவசரப்படுத்த யாரும் இல்லை.

லாடம் கட்டிய நாளில் அவருக்கு உள்ளங்கை நனைந்தது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் அதைத் தூக்கி ஒளித்துக்கொண்டு நடக்க வேண்டிய பாரம் இல்லை. "அக்கா, இன்னிக்குக் கொஞ்சம் கூடவே பயமா இருக்கு" என்றார். "அதுக்கும் அப்படித்தான் இருக்கு. மெதுவா செய்" என்றாள் அக்கா. உடைந்த ஓரத்தைத் தவிர்த்து, ஆணித் துளைகளை இடம் மாற்றிப் போட்ட லாடம் ஒன்றைத் தனியாகச் செய்திருந்தார். அந்த ஒரு கால் முடியவே ஒரு மணி நேரம் பிடித்தது.

முடிந்ததும் அக்கா பொட்டுவைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்து, லாயத்து நடுவே சிமென்ட் தரையில் நடத்தினாள். பயில்வான் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நொண்டுகிற குதிரையைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கும். டக், டக், டக், டக். அந்தக் கோடி வரை போனது. திரும்பியது. நான்கு சத்தமும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன.